நாற்பத்தோராவது மடக்கு

அந்தத் தொழிற்சாலையில் ஜட்ஜம்மா கையெழுத்துப் போடாமல் எந்தப் பொம்மையும் வாசலைத் தாண்டியதில்லை. சம்பளச் சீட்டில் அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். புதுப் பொம்மைகளைச் சோதித்துப் பார்க்கும் மாதிரி அறையில் சன்னலோரம் உயரமான மர நாற்காலி ஒன்று. ஒரு கால் கொஞ்சம் குட்டை. அதற்கு அடியில் அட்டையை மடித்துச் செருகியிருப்பாள். பதினொரு வருஷமாக அதில் அவளைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. கூட்டுகிறவர்கூட அதை நகர்த்தமாட்டார், சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவார்.

வேலை என்ன என்று சொன்னால் சிரிப்பீர்கள். பொம்மையோடு விளையாடுவது. லாரியாகவோ விமானமாகவோ மண் தோண்டும் எந்திரமாகவோ வருகிற பொம்மையைப் பிரித்து, திருப்பி, மடக்கி ரோபோவாக்க வேண்டும். பிறகு பழையபடி லாரியாக்க வேண்டும். போய்த் திரும்பினால் ஒரு மடக்கு. இப்படி நூறு மடக்கு. ஐம்பத்து மூன்று வயசில் பொம்மையோடு விளையாடச் சம்பளமா என்று அவள் புருஷனே கேட்டிருக்கிறார். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"அப்ப நீங்க முப்பது வருஷமா பஸ் ஓட்டினதுக்கு என்ன பேரு, ஊர் சுத்தினதா?" என்றாள் அவள்.

நூறு மடக்கு முடிந்ததும் ரோபோவை ஏழு நிலையில் நிறுத்திப் பார்ப்பாள். நேராக நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஓடுகிற மாதிரி, உட்கார்ந்த மாதிரி, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றின மாதிரி, இடுப்பில் கை வைத்த மாதிரி. ஏழாவது, அண்ணாந்து பார்க்க வேண்டும். தலையை யார் பார்க்கப் போகிறார்கள், இடமும் வலமும் திரும்பினால் போதாதா என்று ஒரு பொறியாளர் ஒருமுறை வாதாடினார்.

"சார், புள்ளைங்க பொம்மையைத் தரையில நிறுத்திட்டுக் குனிஞ்சு பாக்கும். அதுக்குத் திருப்பிப் பாக்க வேணாமா? உங்ககிட்ட பேசுறவன் உங்க செருப்பையே பாத்துக்கிட்டுப் பேசினா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். கழுத்து மாறியது.

வாய் அப்படி. லாரியின் பாதி உடம்பு ரோபோவின் முதுகில் தொங்கினால், "இது ரோபோ இல்ல, வீடு காலி பண்ணிட்டுப் போறவன்" என்பாள். வண்டியாக இருக்கும்போது ஒரு சக்கரம் தரையில் படவில்லை என்றால், "நாய் கம்பத்துக்கிட்ட நிக்கிற மாதிரி நிக்குது, எடுத்துட்டுப் போங்க" என்பாள். பொம்மையை வரைந்தவர்களுக்கு முகத்தில் ஈயாடாது. ஆனால் நல்லதாக ஒன்று வந்துவிட்டால் வாய்விட்டுப் பாராட்டுகிறவளும் அவள்தான். அதற்காகவே அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வருவார்கள்.

செவலை வந்தது ஒரு திங்கட்கிழமை. நிறத்தைப் பார்த்து வண்ணம் அடிக்கிற பெண்கள் வைத்த செல்லப்பெயர் அது. ஏணி வைத்த சிவப்புத் தீயணைப்பு வண்டி. சின்னவரே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். சின்னவர் என்றால் முதலாளியின் மகன். பெரியவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து எல்லாம் அவர் பொறுப்பு. செவலை அவரே உட்கார்ந்து வரைந்தது. இரண்டு வருஷ உழைப்பு.

ஜட்ஜம்மா முதல் மடக்கைப் போட்டாள். ஏணி இரண்டாக மடிந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. முதுகில் மூட்டை தொங்கவில்லை. ஓட்டுநர் அறை பிளந்து இரண்டு பாதமானது. சக்கரங்கள் கெண்டைக்காலுக்குள் போய் ஒளிந்துகொண்டன. முழங்கை இரண்டு இடத்தில் மடங்கியதால் விரல் தோளைத் தொட்டது. காலை எவ்வளவு அகட்டி வைத்தாலும் கணுக்கால் சாய்ந்து கொடுத்து, பாதம் முழுசாகத் தரையில் படிந்தது. தலை அண்ணாந்து அவளைப் பார்த்தது.

"அடேங்கப்பா! யாரு தம்பி வரைஞ்சது இதை?" தெரிந்துகொண்டே கேட்டாள். சின்னவர் பால் பற்களோடு இந்தத் தொழிற்சாலைக்குள் ஓடி விளையாடிய காலத்திலிருந்து அவளுக்கு அவர் தம்பிதான்.

சின்னவருக்கு வாய் காது வரைக்கும் போனது.

"முட்டி பல்லா, வழுக்கா?"

பல் மூட்டு என்றால் உள்ளே பல்சக்கரம் இருக்கும்; மடக்கினால் டக் டக் என்று நின்று நின்று போகும், எத்தனை வருஷமானாலும் தளராது. வழுக்கு மூட்டு என்பது துளைக்குள் இறுக்கமாகச் செருகிய ஓர் உருண்டைக் குச்சி, அவ்வளவுதான். எடையைத் தாங்குகிற இடத்தில் பல் இருந்தால்தான் பொம்மை நிற்கும்.

"வழுக்குதாம்மா. ஆனா சும்மா கிண்ணுனு இருக்கும், பாருங்க. அப்புறம், இதுக்கு முப்பது மடக்கு போதும். வியாழக்கிழமை கொள்முதலுக்கு ஆள் வர்றாங்க. நூறு மடக்கினா பெயிண்ட் உரிஞ்சிடும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜட்ஜம்மா முப்பது மடக்கினாள். ஏழு நிலையும் பார்த்தாள். செவலை ஒற்றைக் காலில் அசையாமல் நின்றது. முட்டி ஊன்றி எழுந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி, தாளில் வைக்கவும் போனாள். அப்போதுதான் மனசில் ஒன்று உறுத்தியது. ஏன் முப்பது? இருபது என்றிருக்கலாம், ஐம்பது என்றிருக்கலாம். பெயிண்ட் உரியும் என்றால் பத்தோடு நிறுத்தச் சொல்லியிருக்கலாம். கணக்காக முப்பது என்றால் யாரோ முன்னாலேயே மடக்கி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

பேனாவை மூடினாள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று தொடர்ந்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை. நாற்பது வரைக்கும் செவலை நின்றது. நாற்பத்தோராவது மடக்கில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தாள். வலது முட்டி மெதுவாக, தூக்கம் வந்தவன் மாதிரி மடங்கியது. செவலை முகம் குப்புற மேசையில் விழுந்தது.

திருப்புளியை எடுத்து முட்டியைப் பிரித்தாள். குச்சியின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய ஏடு ஒன்று உரிந்து தொங்கியது. நகத்தால் சுரண்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நிறமில்லாத நகப்பூச்சு. இந்த வித்தையைக் கண்டுபிடித்ததே அவள்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் பூட்டும் வரிசையில் வேலை பார்த்தாள். கிரேனாக மாறும் ரோபோ ஒன்று, ஆயிரக்கணக்கில் பூட்டி முடித்தாகிவிட்டது. ஒன்றுகூட நிற்கவில்லை, எல்லாவற்றுக்கும் இடுப்பு தளர்ச்சி. மறுநாள் லாரி வருகிறது. பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவள்தான் கைப்பையிலிருந்த நகப்பூச்சை எடுத்து ஒரு குச்சியில் பூசி, ஊதிக் காயவைத்து, மாட்டிக் காட்டினாள். கிரேன் ஜம்மென்று நின்றது. வரிசை முழுக்கக் கைதட்டியது. இரண்டு நாள் எல்லோரும் பூசித் தள்ளினார்கள். லாரி போனது.

ஆறு மாசம் கழித்து மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. பிரித்துக் கொட்டும்போது ஒரு பெட்டிக்குள் கோடு போட்ட தாள் ஒன்று இருந்தது. பென்சிலில், கோணல்மாணலாக, ஒரு குழந்தையின் எழுத்து: 'இவன் நிற்கமாட்டேன் என்கிறான். நான் ஒன்றும் செய்யவில்லை. அம்மா நம்பவில்லை.' அதைப் படித்துவிட்டு அவள் பெரியவர் முன்னால் போய் நின்று அழுதாள். பெரியவர் திட்டவில்லை. மாதிரி அறையைத் திறந்து விட்டு, "பொய் எங்க ஒளிஞ்சிருக்கும்னு தெரிஞ்சவதான் இங்க உக்காரணும்" என்றார். நூறு மடக்கு என்ற விதியை அன்றைக்கு அவள்தான் போட்டாள். நாற்காலி வந்த கதை அதுதான். வெளியே யாருக்கும் தெரியாது.

சுரண்டிய ஏட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேரே மேஸ்திரியிடம் போனாள். அந்தக் காலத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூசியவர் அவர்.

"யாரு பூசினது?"

மேஸ்திரி மென்று முழுங்கினார். "அக்கா, கோவப்படாதீங்க. சின்னவர்தான் ஏதாவது வழி இருக்கான்னு கேட்டாரு. நீங்க சொல்லிக் குடுத்த வைத்தியம்தானே?"

"நான் பண்ணினது வைத்தியம் இல்ல, களவாணித்தனம். அதையா உங்களுக்குக் கத்துக்கத் தோணுச்சு? நான் திட்டினதுல ஒண்ணைக் கத்துக்கிட்டிருக்கக் கூடாதா?"

மேஸ்திரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

சின்னவரோ தலையைத் தொங்கப்போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். பல் மூட்டு வைக்க வேண்டுமென்றால் அச்சை வெட்டி மறுபடி செய்ய வேண்டும், மூன்று மாசம் ஆகும், அதற்குள் கடைகள் வேறு பொம்மையை எடுத்து அடுக்கிவிடும் என்றார். எல்லாம் உண்மைதான். அவர் கண்ணடியில் கருவளையம் விழுந்திருந்தது. அதையும் அவள் பார்த்தாள்.

"தம்பி, உங்க பொம்மை அழகு. சத்தியமா சொல்றேன், இந்த அறைக்கு வந்ததுலேயே அழகு. அதனாலதான் வயிறு எரியுது. இவ்வளவும் பண்ணிட்டு முட்டியில போய்ப் பொய் சொல்லணுமா?"

"கையெழுத்துப் போடுங்க, இல்லாட்டி வெள்ளிக்கிழமையில இருந்து பேக்கிங்குக்குப் போங்க." சின்னவர் குரல் தாழ்ந்தது. "அப்புறம் அந்தக் கிரேன் கதை, அப்பா சொல்லியிருக்காரு. நீங்க எதாவது பேசினீங்கன்னா நானும் பேச வேண்டியிருக்கும். ஜட்ஜம்மா யோக்கியதை என்னன்னு எல்லாருக்கும் தெரியும்."

ஜட்ஜம்மா எழுந்தாள். "வியாழக்கிழமை அவங்க வரட்டும். அவங்க முன்னாடியே உக்காந்து பாக்குறேன்" என்றாள். சின்னவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கொட்டினாள். அவர் ஒரு காலை முக்காலி மேல் நீட்டி வைத்திருந்தார். முப்பது வருஷம் கிளட்சை மிதித்து மிதித்துப் போன முட்டி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அதைத் தடவிக் கொடுத்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, அந்த நகப்பூச்சை என் முட்டியிலயும் ரெண்டு கோட்டு அடிச்சு விடுங்களேன். முப்பது தடவை கடைக்குப் போயிட்டு வருவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

"பயமா இருக்குங்க. அந்த நாற்காலி போயிடும். பொய்யில வந்த நாற்காலிதான், இருந்தாலும் பதினோரு வருஷம் உண்மையா உக்காந்திருக்கேன். அவரு போய் அந்தக் கதையைச் சொன்னா, நான் உக்காந்தது எல்லாமே வேஷம்னு ஆயிடும்."

"அவரு சொன்னாத்தானே?"

அவள் மூக்கைச் சிந்திவிட்டு அவரைப் பார்த்தாள். "ஆமா, நானே சொல்லிட்டா அவருகிட்ட என்ன மிச்சம் இருக்கும்?" என்றாள். எழுந்து போய் அவருக்கும் தனக்குமாகத் தேநீர் போட்டாள்.

வியாழக்கிழமை கொள்முதல் அதிகாரி வந்தார். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் கடைக்காரர்களுக்காகப் பொம்மை தேர்ந்தெடுக்கிறவர். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. செவலையைப் பார்த்ததும் அவர்கூடச் சிரித்தார். சோதனைத் தாளைக் கேட்டார். சின்னவர் ஜட்ஜம்மாவைக் காட்டினார். தாளும் பேனாவும் மேசையில் தயாராக இருந்தன.

ஜட்ஜம்மா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். "ஒண்ணு" என்று சத்தமாக எண்ணி மடக்கினாள். அறையே வேடிக்கை பார்த்தது. முப்பது வந்ததும் சின்னவர், "போதும்மா" என்றார்.

"எங்க விதி நூறு, மேடம்" என்று அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள் ஜட்ஜம்மா. "முப்பத்தொண்ணு."

நாற்பத்தொன்று வந்தது. கையை எடுத்தாள். செவலை நின்றது. நாற்பத்திரண்டிலும் நின்றது. சின்னவர் முகத்தில் மெல்லிய சிரிப்பு. சுவரோரமாக நின்ற மேஸ்திரி தரையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. புதுசாகப் பூசியிருக்கிறார்கள், தடிமனாகவே. எத்தனை மடக்கு தாங்குமோ தெரியாது. நூறையும் தாங்கிவிட்டால் அவள் பேச்சை யார் நம்புவார்கள்? இருந்தாலும் நிறுத்தவில்லை. மடக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"மேடம், அம்பது. இதோட முட்டியில நகப்பூச்சு பூசியிருக்கு. இவங்க கண்டுபிடிச்சது இல்ல, நான் கண்டுபிடிச்சது. அம்பத்தொண்ணு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல, இந்தக் கையாலதான் பூசினேன். கிரேன் பொம்மை. ஆயிரக்கணக்குல போச்சு. அம்பத்திரண்டு. கடையில நல்லா நின்னுச்சு, வீட்டுக்குப் போய்ப் படுத்துச்சு."

"அம்மா!" என்றார் சின்னவர்.

"நீங்க சொல்லப் போறதைத்தானே தம்பி நானே சொல்றேன், உங்களுக்குச் சிரமம் வேணாம்னு. அம்பத்து மூணு. ஒரு புள்ள எழுதியிருந்துச்சு மேடம், 'நான் ஒண்ணும் செய்யல, அம்மா நம்பல'ன்னு. உடைஞ்சது எங்க பொம்மை, திட்டு வாங்கினது அந்தப் புள்ள. நாங்க பூசினது எங்களுக்குத் தெரியும், அதுக்குத் தெரியுமா? அம்பத்து நாலு."

அவள் எண்ணிக்கொண்டே போனாள். அறுபது. அறுபத்தைந்து. விரல் வலித்தது. எழுபது. அதிகாரி ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுபத்தாறாவது மடக்கில் செவலையை நிறுத்திக் கையை எடுத்தாள். வலது முட்டி மெதுவாக மடங்கியது. இடது முட்டியும் கூடவே மடங்கியது. செவலை மேசையில் விழுந்து, உருண்டு, அதிகாரியின் கைப்பையில் முட்டி நின்றது.

அதிகாரி அதை எடுத்துத் தடவினார். "முட்டி சரியா இருந்தா நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

"நூறு நின்னா சந்தோஷமா போடுவேன் மேடம். இந்த மாதிரி ஒரு பொம்மை இன்னும் வரல."

அதிகாரி எழுந்து போனார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சின்னவர் நாற்காலிப் பக்கம் திரும்பி, "பேக்கிங்குக்குப் போங்க" என்றார். ஜட்ஜம்மா அட்டைத் துண்டை மட்டும் குனிந்து எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நடந்தாள்.

பேக்கிங்கில் நின்றுகொண்டே வேலை. அவள் வாயால் ஆர்டர் போய்விட்டது என்று சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் இடம் காலியாகவே இருந்தது. வலித்தது. அதற்காகச் செய்ததைத் தப்பு என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. அவள் நாற்காலியைச் சின்னவர் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்றும், அதில் கோட்டு மாட்டி வைத்திருக்கிறார் என்றும் மேஸ்திரி வந்து சொன்னார். அன்றைக்குத்தான் அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பெட்டிகளுக்கு ஒட்டுநாடா கிழிக்கிற சத்தம் அன்று முழுக்க அந்தக் கூடத்தில் பலமாகக் கேட்டது.

நாலாவது மாசம், ஒரு காலை நேரம், சின்னவர் பேக்கிங் கூடத்துக்குள் வந்தார். கையில் செவலை. இளைத்திருந்தார். அதை அவள் முன்னால் மேசையில் வைத்தார். கூடவே ஒரு தாள். கையெழுத்து இடம் காலியாக இருந்தது.

ஜட்ஜம்மா செவலையின் முட்டியை மடக்கினாள். டக். டக். டக். பல்.

"அந்தக் கொள்முதல் மேடம் இன்னிக்கி சாயங்காலம் வர்றாங்க" என்றார் சின்னவர். "உங்க கையெழுத்து இல்லாம தாளை வாங்க மாட்டேன்னுட்டாங்க."

"நாற்காலி எங்க?"

"இங்கயே நின்னு பாத்துடுங்களேன்மா."

"நின்னுக்கிட்டு தீர்ப்புச் சொல்ற பழக்கம் எனக்கில்ல, தம்பி."

"சரி, யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"தூக்கிட்டுப் போனது யாரு?"

கூடத்தில் ஒட்டுநாடா சத்தம் நின்றுபோனது. சின்னவருக்கு முகம் சிவந்தது. திரும்பிப் போனார். வருவார், வரமாட்டார் என்று கூடத்தில் கிசுகிசுத்தார்கள். ஜட்ஜம்மா அடுத்த பெட்டியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலியைத் தோளில் சுமந்துகொண்டு அவரே வந்து இறக்கினார். அது ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. அவள் ஒரு பெட்டியின் விளிம்பைக் கிழித்து, நாலாக மடித்து, குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். அழுத்திப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு" என்று ஆரம்பித்தாள்.

சின்னவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பத்து வந்தது, இருபது வந்தது. முப்பது வந்தபோது கூடமே அவர் வாயைப் பார்த்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

"முப்பத்தொண்ணு" என்றாள் ஜட்ஜம்மா, இன்னும் கொஞ்சம் சத்தமாக.